ஐரோப்பாவுக்கு எந்த ஜீன்ஸ்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது பற்றி எழுதியபோது, "ஐரோப்பிய நகரங்களுக்குப் போகிறீர்களா, பொருத்தமான ஜீன்ஸ் ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. எனக்கும் ஜீன்ஸ் என்றால் தனிப் பிரியம் உண்டு, அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

அக்டோபரில் நானும் கணவரும் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக் என்று பன்னிரண்டு நாள் போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். பாரிஸில் எல்லாரும் அவ்வளவு ஸ்டைலாக இருப்பார்களாமே, நான் மட்டும் தனியாகத் தெரிவேனோ என்று பயமாக இருக்கிறது. நான்கு ஜீன்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக இரண்டு வாங்கலாமா மேடம்?
– வாசகி, கோவை

வாங்க வேண்டாம். எடுத்து வைத்த நாலில் இரண்டைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். ஒரு ஜீன்ஸ் சுமார் அறுநூறு கிராமிலிருந்து எண்ணூறு கிராம் வரை எடை வரும். நகரம் விட்டு நகரம் ரயிலில் போகும்போது அந்தப் பெட்டியைப் படிக்கட்டில் தூக்கப் போவது நீங்கள்தான், பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது.

எந்த இரண்டு என்று கேட்டால், முதலாவது அடர் நீலம். தொடையிலும் முட்டியிலும் வெளுக்க வைத்து, கிழித்து, கல் பதித்தெல்லாம் வருகிறதே, அது இல்லாமல் மேலிருந்து கீழ் வரை ஒரே நீலமாக இருக்கட்டும். பகலில் ஈஃபிள் கோபுரத்துக்கு அதே ஜீன்ஸ், ராத்திரி நல்ல உணவகத்துக்கும் அதே ஜீன்ஸ், மேலே போடுவதை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவது கறுப்பு. அளவு ஸ்ட்ரெய்ட் ஃபிட், அதாவது தொடையிலிருந்து கணுக்கால் வரை நேராக இறங்குவது. அக்டோபரில் அந்த மூன்று ஊரிலும் பகலிலேயே பதிமூன்று முதல் பதினாறு டிகிரிதான் இருக்கும், காலையில் அதைவிடக் குளிரும், ஸ்ட்ரெய்ட் ஃபிட் என்றால் உள்ளே மெல்லிய லெகிங்ஸ் போட்டுக்கொள்ள இடம் இருக்கும். ஒட்டிப் பிடிக்கும் ஸ்கின்னியில் அது நடக்காது. உள்ளே தைத்திருக்கும் லேபிளையும் பாருங்கள். பருத்தி 98 அல்லது 99 சதவீதம், மீதி எலாஸ்டேன், அதாவது ரப்பர் மாதிரி இழுபடும் இழை, என்று இருந்தால் நல்லது. எலாஸ்டேன் கூடக் கூட, காலையில் கச்சிதமாக இருக்கும் ஜீன்ஸ் மூன்று மணி நேரம் நடந்ததும் முட்டியில் பை மாதிரி தொங்கிவிடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் ஊரில் ஜீன்ஸ் அணிபவர்களிடம் நான் பார்க்கும் குறை ஒன்றே ஒன்றுதான், கீழ் மடிப்பு. நல்ல விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள், இடுப்பும் சரியாக இருக்கும், ஆனால் கணுக்காலில் நாலு மடிப்பு விழுந்து துணி குவிந்து கிடக்கும், அல்லது குதிகால் பக்கம் தரையில் தேய்ந்து நூல் தொங்கும். பாரிஸ் தெருவில் நீங்கள் பார்க்கப் போகிற பெண்களில் பெரும்பாலோர் போட்டிருப்பது சாதாரண நீல ஜீன்ஸும் ஸ்வெட்டரும்தான். அது ஏன் அவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஜீன்ஸ் எங்கே முடிகிறதோ அங்கே ஷூ தொடங்குகிறது, அந்த இடம் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் அழகு மட்டும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு முறை நானே மாட்டிக்கொண்டேன். அகலமான வைட் லெக் ஜீன்ஸ், தரையைத் தொடும் நீளம், புதிது வேறு. காலை பத்து மணிக்கு மெல்லிய தூறல், குடைகூடத் தேவைப்படவில்லை. ஆனால் செங்கல் பாவிய நடைபாதையில் தேங்கியிருந்த ஈரத்தை அந்தக் கீழ் மடிப்பு விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி இழுக்கத் தொடங்கியது. பதினோரு மணிக்குக் கணுக்கால், மதியம் முட்டிக்குக் கொஞ்சம் கீழே வரை கருநீலமாகக் கோடு ஏறிவிட்டது. ஒவ்வொரு காலிலும் அரைக் கிலோ கட்டித் தொங்கவிட்ட மாதிரி நடந்தேன். ராத்திரி அறையில் ஹீட்டர் மேல் விரித்துப் போட்டும், மறுநாள் காலையில் தையல் தடித்த இடங்களிலெல்லாம் சில்லென்று ஈரம், அதோடுதான் ரயில் ஏறினேன். ஜீன்ஸ் துணி நனைந்தால் லேசில் காயாது. ஆகவே மடிப்பு கணுக்கால் எலும்பைத் தொட்டு நிற்கட்டும், குதிகால் பக்கம் தரைக்கு இரண்டு விரல் மேலே.

கிளம்புவதற்கு முன் டெய்லரிடம் போங்கள். போகும் முன் ஜீன்ஸை ஒரு முறை துவைத்துக் காயவையுங்கள், புதுப் பருத்தி சுருங்கும், வெட்டிய பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. பயணத்தில் போடப் போகும் அதே ஷூவை மாட்டிக்கொண்டு நின்று அளவு கொடுங்கள். "பழைய மடிப்பையே திரும்ப வைத்துத் தைத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள், ஆல்டரேஷன் கடைக்காரர்களுக்கு இது தெரிந்த வேலை. அதற்கு மனமில்லை என்றால் குறைந்தபட்சம் அந்த ஆரஞ்சு கலந்த மஞ்சள் நூலிலாவது தைக்கச் சொல்லுங்கள். கருநீல நூலில் தைத்தால் மற்றத் தையல் எல்லாம் ஒரு நிறம், கீழே மட்டும் ஒரு நிறம் என்று பளிச்சென்று தெரியும்.

ஷூவுக்கு, ஏற்கெனவே ஒரு மாதமாவது போட்டுப் பழகிய வெள்ளை ஸ்னீக்கர் அல்லது தட்டையான தோல் பூட்ஸ். ப்ராக்கில் சார்லஸ் பாலம், அதைச் சுற்றியுள்ள சந்துகள் எல்லாமே கருங்கல் பாவியவை, ஹீல்ஸ் குதிகால் இரண்டு கல்லுக்கு நடுவில் போய் மாட்டும்.

தனியாகத் தெரிவோமோ என்கிற பயத்தை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். பாரிஸில் எல்லா நிறத்திலும் எல்லா உடம்பிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு வயது 64. ஓய்வு பெற்ற ஆசிரியர். வாழ்நாள் முழுக்க வீட்டில் வேட்டி, பள்ளிக்குப் பேன்ட் சட்டை. மகள் மியூனிக்கில் இருக்கிறாள், மே மாதம் அவளிடம் போகிறேன். "அப்பா, ஜீன்ஸ் வாங்கிக்கோங்க, நடக்க வசதியா இருக்கும்" என்கிறாள். இந்த வயதில் எனக்கு அது பொருந்துமா? பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?
– வாசகர், கும்பகோணம்

ஐயா, தயங்காமல் வாங்குங்கள். மியூனிக்கில் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட, ஜீன்ஸில்தான் காய்கறிச் சந்தைக்கு வருவார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு விஷயம் சொல்கிறேன். ஜீன்ஸ் அமெரிக்கர்களுடையது என்று நினைக்கிறோம் அல்லவா, அதை உலகத்துக்குக் கொடுத்த லீவை ஸ்ட்ராஸ் உங்கள் மகள் இருக்கும் பவேரியா மாநிலத்துக்காரர். புட்டன்ஹைம் என்ற சின்ன ஊரில் 1829-ல் பிறந்து, அப்பா இறந்த பிறகு அம்மாவோடும் சகோதரிகளோடும் அமெரிக்கா போனவர். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், கூலிக்காரர்களின் பேன்ட் பாக்கெட் அடிக்கடி கிழிகிறதே என்று ஓரங்களில் செம்புக் குமிழ் அடித்துக் கொடுத்துப் பார்த்தார். அது நன்றாக விற்றது, காப்புரிமை எடுக்கக் கையில் காசில்லை, துணி சப்ளை செய்த ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். இருவர் பெயரிலும் 1873 மே 20-ல் காப்புரிமை வந்தது. அந்தக் குமிழ் இன்றும் உங்கள் ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் இருக்கும், கடையில் தடவிப் பாருங்கள். புட்டன்ஹைமில் அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பாம்பெர்க் நகரம் பார்க்கப் போனால் பக்கத்திலேயேதான், மகளிடம் சொல்லிவையுங்கள்.

சரி, வாங்கும் விதம். கடைக்குப் போனதும் பையன்கள் லோ வெய்ஸ்ட் எடுத்துக் காட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் வயிறு இருப்பவர்கள் அதைத் தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலே இழுத்துக்கொண்டிருப்பார்கள். மிட் ரைஸ் அல்லது ஹை ரைஸ் கேளுங்கள், நீங்கள் வழக்கமாகப் பேன்ட் கட்டும் இடத்திலேயே நிற்கும். ரெகுலர் அல்லது ரிலாக்ஸ்டு ஃபிட், அடர் நீலம், துணி மெல்லியதாக. கடையிலேயே போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து ஷூ கயிறு கட்டிப் பாருங்கள். தொடை, வயிறு, முட்டிக்குப் பின்பக்கம் எங்கேயும் பிடிக்கக் கூடாது. விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும், இறுக்கமான ஜீன்ஸ் அந்த இடத்தில் உடம்புக்கும் ஆகாது. அந்தப் பயணத்துக்கு உங்கள் பழைய காட்டன் பேன்ட்டே போதும், ஜீன்ஸ் பெட்டியில் இருக்கட்டும்.

மேலே உங்கள் வெள்ளை அரைக்கைச் சட்டையையே போடுங்கள். அடர் நீல ஜீன்ஸுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி எடுப்பானது எதுவும் இல்லை. மே மாதம் மாலையில் குளிரும், கையில்லாத ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் வீட்டிலேயே ஒரு வாரம் போட்டுப் பழகுங்கள், கடைத்தெரு வரை ஒரு நடை போய் வாருங்கள். கும்பகோணத்தில் பழகிவிட்டால் மியூனிக்கில் அது ஏற்கெனவே உங்கள் உடையாகியிருக்கும்.

ஆகஸ்டில் ரோம் போகிறேன். தினமும் ஜீன்ஸ் போடலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. ஆகஸ்ட் ரோம் என்றால் சேலத்து வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள், முப்பத்தைந்து டிகிரி சாதாரணம், கொலோசியத்தில் ஒதுங்க நிழல் தேட வேண்டியிருக்கும். லினன் பேன்ட் அல்லது மெல்லிய காட்டன் பேன்ட் இரண்டு. ஜீன்ஸ் ஒன்று வேண்டுமானால் ராத்திரிக்கு.

அக்கா, முட்டியில் கிழிந்த மாடல் ஜீன்ஸ் போட்டால் வாத்திகனில் உள்ளே விட மாட்டார்களா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, மதுரை

புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி, வெனிஸின் சான் மார்க்கோ ஆலயத்திலும் அப்படித்தான். முட்டியில் சின்னக் கிழிசலை ஒருவர் பார்த்தும் விட்டுவிடலாம், இன்னொருவர் நிறுத்தலாம். தொடை வரை கிழிந்திருந்தால் நிறுத்த வாய்ப்பு அதிகம். வெயிலில் நீண்ட வரிசையில் நின்று வாசலில் திரும்புவது எவ்வளவு வேதனை என்று யோசித்துப் பாருங்கள். அதற்கும் மேலே, உள்ளே ஜெபம் செய்துகொண்டிருப்பவர்களுக்கு அது கோயில். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும்போது என்ன நினைத்து உடுத்துவீர்களோ அதையே நினைத்து உடுத்துங்கள். கிழிந்ததை பார்சிலோனா கடற்கரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜீன்ஸுக்கு மேல் குர்தி போடுவதுதான் எனக்கு வசதி. பதினைந்து வருடப் பழக்கம். ஆனால் இத்தாலி போகிறோம் என்றதும் நாத்தனார், "அங்கே போய் குர்தி போடாதே, பட்டிக்காடு மாதிரி இருக்கும், டாப் வாங்கு" என்கிறார். எனக்கு டாப் போட்டால் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

குர்தியே போடுங்கள். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அது நன்றாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். கூச்சத்தோடு போட்ட எந்த உடையும் யாருக்கும் நன்றாக இருந்ததில்லை, நாள் முழுக்கத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பீர்கள், படத்திலும் அதுதான் தெரியும்.

நாத்தனாரிடம் சொல்ல உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். ஜீன்ஸ் என்ற பெயரே இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரை ஜென் என்பார்கள். ஜீன்ஸ் துணியை டெனிம் என்கிறோமே, அது பிரான்ஸின் நீம் நகரத்துத் துணி என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த நீலத்துக்கு என்ன பெயர்? இண்டிகோ. இந்தியாவிலிருந்து வந்தது என்று கிரேக்கர்கள் வைத்த பெயர். நம் அவுரிச் செடிதான் அது. ஜெர்மனியில் செயற்கை நீலம் தயாரித்து 1897-ல் சந்தைக்குக் கொண்டுவரும் வரை கப்பல் கப்பலாக இங்கிருந்து போனது, திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ஜெனோவாவின் மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் இயேசுவின் பாடுகளை வெள்ளை வண்ணத்தில் வரைந்த பழைய நீலத் துணிகள் இருக்கின்றன, 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இண்டிகோவில் தோய்த்தவை. உங்கள் இத்தாலிப் பயணத்தில் ஜெனோவா இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஐரோப்பாவில் நெய்து, நம் செடியின் பெயரில் சாயம் தோய்த்த துணிக்கு மேல் நம் ஊர்க் குர்தி போடுவதில் பட்டிக்காடு எங்கே வந்தது?

ஆனால் எந்தக் குர்தி என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். முட்டிக்குக் கீழே தொங்குவதும், பக்கவாட்டில் நீளமாகத் திறந்திருப்பதும் மேலே கோட்டு போட்டால் கீழே வால் மாதிரி எட்டிப் பார்க்கும், காற்றில் பறக்கும். தொடையின் நடுவோடு முடியும் குட்டைக் குர்தியாகப் பாருங்கள், ஜரிகையும் கண்ணாடி வேலைப்பாடும் இல்லாத கைத்தறியில், ஒரே நிறம் அல்லது சின்னக் கட்டம். செட்டிநாட்டுக் கட்டம் போட்ட பருத்திச் சேலையில் ஒன்றைப் பிரித்து இரண்டு குட்டைக் குர்தி தைத்தேன், அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. ஃப்ளாரன்ஸில் ஒரு காபிக் கடையில் பக்கத்து மேசை அம்மா எழுந்து வந்து கைநுனியைத் தொட்டுப் பார்த்து, இது எந்த ஊர் நெசவு என்று கேட்டார். அதற்குக் கறுப்பு ஜீன்ஸ், தோல் செருப்பு, காதில் சின்ன ஜிமிக்கி. குளிருக்குத் துப்பட்டா வேண்டுமென்றால் மதுரைச் சுங்குடியை நாலாக மடித்துக் கழுத்தில் ஒரு சுற்று, முனையை உள்ளே செருகிவிட்டால் மஃப்ளர்தான்.

ஜீன்ஸ் பாக்கெட்டில் போன் வைத்தால் திருடிவிடுவார்களாமே?
– வாசகர், திருநெல்வேலி

பின்பாக்கெட்டில் வைத்தால் ஆமாம். பார்சிலோனாவின் லா ராம்ப்லா வீதி, பாரிஸ் மெட்ரோவின் 1-ம் எண் வழித்தடம், ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64-ம் எண் பஸ், இவையெல்லாம் இதற்குப் பேர் போனவை. என் தம்பி பார்சிலோனா ரயிலில் ஏறும்போது கதவருகே இரண்டு பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள், கதவு மூடியதும் பின்பாக்கெட் தட்டையாக இருந்தது. அவ்வளவு நேரம்தான். பெண்கள் ஜீன்ஸில் முன்பாக்கெட்டும் ஆழமே இருக்காது, பாதிப் போன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டெய்லரிடம் கொடுத்து முன்பாக்கெட்டின் உள்பையைப் பிரித்து நாலு அங்குலம் கூடுதலாகத் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், சின்ன வேலைதான். பாஸ்போர்ட்டும் கார்டும் சட்டைக்கு உள்ளே குறுக்கே மாட்டும் பையில் இருக்கட்டும்.

வியன்னா ஆபரா இசை நாடக அரங்குக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், மறுவாரம் மிலனில் லா ஸ்காலா அரங்கு. ஜீன்ஸ் போடலாமா, கோட்டு சூட்டுதானா?
– வாசகர், சென்னை

லா ஸ்காலாவில் அரைக்கால் சட்டைக்கும் கையில்லாத பனியனுக்கும் அனுமதி இல்லை, வியன்னாவுக்கும் அவற்றை நினைக்கவே நினைக்காதீர்கள். வெளுக்காத அடர் நீலமோ கறுப்போ ஜீன்ஸ், மேலே பிளேஸர், பாலிஷ் போட்ட தோல் ஷூ என்று போனால் வாசலில் தடை இருக்காது. ஆனால் முதல் நாள் காட்சிகளுக்கும் விலை கூடிய இருக்கைகளுக்கும் நன்றாக உடுத்தி வருவார்கள், அன்றைக்கு எனக்கு ஜீன்ஸ் போட மனம் வராது.

அங்கேயே ஜீன்ஸ் வாங்கினால் லாபமா?
– வாசகி, ஈரோடு

சாதாரண நாளில் லாபம் இல்லை. தள்ளுபடிக் காலத்தில் போனால் உண்டு, பிரான்ஸில் அது அரசு நிர்ணயித்த காலம், ஜனவரியில் ஒரு முறை, ஜூன் கடைசியில் ஒரு முறை, ஒவ்வொன்றும் நான்கு வாரம். வெளிநாட்டுப் பயணிகள் பில்லோடு கட்டிய வரியைத் திரும்பப் பெற பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் பில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் பதிய வேண்டும். லண்டனில் 2021-லிருந்து இந்த வசதியே கிடையாது.

எனக்குப் பிடித்த லாபம் வேறு. ஒரே இடுப்பளவில் கால் நீளம் 30, 32, 34 என்று தனித்தனியாகக் கிடைக்கும், லேபிளில் டபிள்யூ என்பது இடுப்பு, எல் என்பது உள்கால் நீளம், இரண்டும் அங்குலத்தில். சரியான எல் கிடைத்துவிட்டால் டெய்லருக்கே வேலை இல்லை. பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மவர்பார்க் சந்தையிலும் ஆம்ஸ்டர்டாமின் வாட்டர்லூப்ளைன் சந்தையிலும் பழைய ஜீன்ஸ் நிறையக் குவிந்திருக்கும். தொடை இணையும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துணி நைந்து வெளிச்சம் ஊடுருவினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பத்து நாளில் எத்தனை முறை துவைக்க வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

ஒரு முறையும் வேண்டாம். ராத்திரி கழற்றியதும் ஜன்னலோரம் காற்றாடத் தொங்கவிடுங்கள், கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். புது அடர் நீலம் என்றால் கிளம்பும் முன் வீட்டில் உள்பக்கம் வெளியே திருப்பி, தனியாக, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள். நீலம் நூலின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், அலசாமல் போட்டால் உங்கள் வெள்ளை ஸ்னீக்கரின் நாக்கிலும் விடுதி அறையின் வெளிர் நிற சோபாவிலும் ஏறிவிடும்.